வராதவங்க கை தூக்குங்க

இல்லண்ணே, கால் வைக்க இடம் இருக்கு. அந்தச் சாக்கு அப்படியே கெடக்கட்டும். முட்டைக்கோஸ் வாடையெல்லாம் எனக்குப் பழக்கந்தான். நீங்க வண்டிய எடுங்க. ஏத்திக்கிட்டதே பெரிய உதவி. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல ரொம்ப நேரமா நிக்கிறேன், மேல போற பஸ் எதையும் எடுக்க மாட்டேங்கிறாங்க. டாக்சிக்காரங்க கொடைக்கானல்னு சொன்னதுமே அங்கிட்டுத் திரும்பிக்கிறாங்க. லோடு எறக்கிட்டு வெறும் வண்டியோட ஏறுறேன்னு நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க. பேரு என்னண்ணே? சுப்புராஜா. என் பேரு ரம்யா. மேடமெல்லாம் வேணாம், ரம்யான்னே கூப்பிடுங்க.

கொஞ்சம் வெரசாப் போங்கண்ணே.

சரி சரி. மழைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு. நீங்க ரோட்டப் பாருங்க, எனக்குப் பதிலெல்லாம் சொல்லணும்னு இல்ல. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வர்றேன். பேசாம வந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கும். வளைவுனால இல்லண்ணே. இந்த வளைவெல்லாம் எனக்கு ஒண்ணும் பண்ணாது.

என்ன சோலியா? பள்ளங்கிப் பக்கம் ஒரு மழைமானி இருக்கு. மழை எவ்வளவு பேயுதுன்னு அளக்குற மீட்டரு. விடிஞ்சதுலருந்து அதுலருந்து நம்பர் வரல. அதப் பாக்கத்தான் போறேன்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. ஊரே வீட்டுக்குள்ள கெடக்குற மழையில ஒருத்தி மீட்டரப் பாக்க மலையேறுறான்னா எனக்கே சிரிப்பு வரும். பேட்டரி போயிருக்கும்னுதானே சொல்றீங்க? எங்க சாரும் அதேதான் சொன்னாரு. பேட்டரியா இருந்தா நல்லா இருக்கும்ணே. நான் வேண்டிக்கிட்டு வர்றதே அதுக்குத்தான்.

அது ஒரு தகர டப்பா. உள்ள சின்னதா ரெண்டு கரண்டி, பார்க்குல புள்ளைங்க ஏறி எறங்கி ஆடுமே, அந்தப் பலகை மாதிரி. ஒரு கரண்டி நெறைஞ்சா சாஞ்சு தண்ணியக் கொட்டும், அடுத்தது மேல வந்து நிக்கும். எத்தன தடவ சாஞ்சுச்சுன்னு உள்ள இருக்குற சிம்கார்டு மதுரைக்கு அனுப்பும். மதுரையிலதான் எங்க ஆபீஸ். ஆபீஸ்னா, ஒரு காலேஜுக்குப் பின்னாடி ஒரு ஹாலு. அதுல எங்க மெஷின் இருக்கு. இந்த மலை பூராவையும் பாத்தி பாத்தியாப் பிரிச்சு வச்சிருக்கோம், நீங்க கேரட்டுக்குப் போடுவீங்கள்ல, அந்த மாதிரி. ஒவ்வொரு பாத்திக்கும் மெஷின் கணக்குப் போடும். எவ்வளவு தண்ணி உள்ள எறங்கியிருக்கு, மண்ணு அந்தச் சரிவ இன்னும் புடிச்சிருக்கா, விடப் போகுதா. புடிச்சிருந்தா மேப்ல பச்சை. கொஞ்சம் தளந்தா ஆரஞ்சு. விடப் போகுதுன்னா செவப்பு. தாலுகா ஆபீஸ்ல அந்த மேப்பப் பாத்துத்தான் ஆளுங்கள எறக்குவாங்க.

அண்ணே, அந்த ஓரத்துல வர்ற தண்ணியப் பாத்தீங்களா? என்ன நெறத்துல வருது? கண்ணாடி பூரா ஆவி, எனக்குச் சரியாத் தெரியல. தெளிவாத்தானே வருது? சரி. தெளிவா வந்தா பயமில்ல. டீ மாதிரி வந்தாச் சொல்லுங்க. டீ மாதிரின்னா உள்ள மண்ணு கரைய ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்.

பயமுறுத்தலண்ணே. எனக்கே பயமாத்தான் இருக்கு.

அந்த மீட்டர் கணக்குல வர்ற சரிவுக்குக் கீழ ஆளுங்களா? இருக்காங்க. ஒரு பத்துப் பன்னெண்டு வீடு இருக்கும். பூண்டும் பீன்சும் போடுறவங்க. அங்க பூங்கொடின்னு ஒருத்தி இருக்கா. அவதான் அந்த மீட்டரப் பாத்துக்கிறவ. சிலந்தி கூடு கட்டினா கரண்டி சாயாதுல்ல, அதனால பெயிண்ட் அடிக்கிற பிரஷ் ஒண்ணு வச்சுத் தொடச்சு விடுவா. மீட்டர் நிக்கிற கம்பியிலயே துணி காயப்போடக் கொடியும் கட்டி வச்சிருக்கா. கம்பி ஆடும்டீ, ஆடுனா கரண்டி தானாச் சாயும், வெயில்ல மழை பேயுதுன்னு மெஷின் நெனச்சுக்கும்னு நான் கத்துவேன். அதுக்கு அவ, உன் மெஷினுக்கு மழையும் தெரியல வெயிலும் தெரியல, என் சுடிதார் மட்டும் எடஞ்சலாத் தெரியுதாக்கும்பா. வாயி ரொம்ப.

அவளுக்குப் போன் பண்ணிக் கேட்டா முடிஞ்சு போச்சா? அங்க டவர் சரியா இருக்காதுண்ணே. வண்டி வருது, ஆரன் அடிங்க.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், மெஷினு. இப்ப என் பிரச்சனை மீட்டர் இல்ல. மீட்டர் பேசலன்னா எங்களுக்கு எப்பவும் ஒரே சட்டந்தான். தெரியலன்னா செவப்பு. முருகவேல் சார்தான் எங்க தலைவரு, நாங்க ஆரம்பிச்ச அன்னைக்கே அவரு சொன்ன மொத வார்த்தை அது. நம்பர் வராத எடத்துல நல்லா இருக்குன்னு நெனைக்கக் கூடாது, கெட்டுப் போச்சுன்னு நெனச்சு ஆள அனுப்பணும்னாரு. அந்தச் சட்டத்த மெஷினுக்குள்ள ஒரு வரியா எழுதினவ நான். நம்பரா இல்லாட்டிச் செவப்பு. அவ்வளவுதான் அந்த வரி.

இன்னைக்குக் காலையில வெள்ளனே ஆபீசுக்குப் போயி மேப்பத் தொறக்குறேன். சுத்தி எல்லாம் ஆரஞ்சு. பள்ளங்கிப் பக்கம் அந்த ஒரு சரிவு மட்டும் மேலருந்து கீழ வரைக்கும் பச்சை. பச்சைப் பசேல்னு. நேத்து நைட்டெல்லாம் கொட்டிக்கிட்டு இருக்கு, அந்த எடம் மட்டும் எப்படிண்ணே காஞ்சு கெடக்கும்? உள்ள போயிப் பாத்தா, மீட்டர்லருந்து நம்பரே இல்ல. வெறும் கோடு. நம்பர் இல்ல, ஆனா பச்சை. மூடிட்டு மறுபடி தொறந்து பாத்தேன், அப்பவும் அதேதான்.

சொல்றேன், அது எப்படின்னு சொல்றேன். அது பெரிய கதை. கேக்குறீங்களா? தூக்கம் வராதுல்ல? சரி.

எங்க பழைய மெஷினு நல்ல மெஷினுதான். ஆனா மெதுவு. காலையில பேஞ்ச மழைக்குச் சாயங்காலம் பதில் சொல்லும். சரிஞ்சு முடிஞ்ச மலைக்கு எச்சரிக்கை எதுக்குன்னு தாலுகா ஆபீஸ்ல கேட்டாங்க. ஞாயந்தானே? அதனால புதுசு ஒண்ணு வாங்கினோம். நெறைய பேரு ஒரே நேரத்துல உக்காந்து கணக்குப் போடுற மாதிரி அது. உங்க மார்க்கெட்ல லோடு எறக்குறப்ப, இந்த வண்டி இங்க நில்லு, அந்த வண்டி அங்க போன்னு ஒருத்தர் கத்திக்கிட்டு நிப்பாருல்ல, அவரு இல்லாட்டி என்ன ஆகும்? எல்லா வண்டியும் மூஞ்சி மூஞ்சியா முட்டிக்கிட்டு நிக்கும். மெஷினுக்குள்ள அந்த வேல பாக்குறதுக்குப் பேருதான் ஆபரேட்டிங் சிஸ்டம்.

அதுல எத வைக்கிறதுன்னு பெரிய சண்டை. வீட்டுல வைக்கிற கம்ப்யூட்டர்ல இருக்குற மாதிரி ஒண்ணு, பாக்க அழகா இருக்கும். ஆனா ராத்திரி பூரா ஓட வேண்டிய கணக்கு நடுவுல அதுவா அணைஞ்சு எந்திரிச்சா யாரு பொறுப்புன்னு அத மொதல்லயே தள்ளிட்டோம். லினக்ஸ்னு இன்னொரு சிஸ்டம் இருக்கு, அதுதான்னு முடிவாச்சு. அப்புறம் எந்த லினக்ஸுங்கறது அடுத்த சண்டை. அதுல வருசக்கணக்கா மாறாம அப்படியே இருக்குறது ஒரு வகை. அடிக்கடி புதுசு புதுசா வர்றது இன்னொரு வகை. சாருக்கு மாறாததுதான் வேணும். உசுரு சம்பந்தப்பட்ட கணக்கு, நேத்து வந்த பதில்தான் நாளைக்கும் வரணும்னாரு. மனோஜ்குமார்னு எங்களோட ஒருத்தன் இருக்கான், பெங்களூர்ல வேல பாத்துட்டு வந்தவன், கெட்டிக்காரன். அவன் சொன்னான், சார், பழைய லினக்ஸுக்கு இந்தப் புது மெஷினோட பாதி வேலை என்னன்னே தெரியாது. பத்து டயர் லாரிய வாங்கி ரெண்டாவது கியர்லயே ஓட்டுற மாதிரின்னான். அதுவும் ஞாயம். புதுசுதான் போட்டோம். புதுசு போட்டா, கூடவே புதுக் கம்பைலரும் வருது.

கம்பைலர்னா? நீங்க ஏரிக்குப் பக்கத்துல பாத்திருப்பீங்க. வெளிநாட்டுக்காரரு வந்து ரொம்ப நேரம் என்னமோ கைய ஆட்டிப் பேசுவாரு. கூட வந்த கைடு கடைக்காரர்கிட்டத் திரும்பி, ரெண்டு டீயாம்பான். பாத்திருக்கீங்களா? அதேதான். நாங்க ஒரு பாஷையில கணக்க எழுதுறோம். மெஷினுக்கு அந்தப் பாஷ புரியாது. நடுவுல நின்னு மாத்திச் சொல்ற கைடுதான் கம்பைலர். மெதுவான கைடு நீங்க சொன்னத வார்த்தைக்கு வார்த்த சொல்லுவான். வெரசான கைடு, தேவையில்லன்னு தோணுறத விட்டுட்டு, முன்னுக்குப் பின்ன மாத்தி, சீக்கிரம் சொல்லிருவான். காரியம் ஒண்ணுதான். டீ வந்துரும்.

வெரசான கைடுக்கு ஒரு சுவிட்ச் இருக்கு. அதப் போட்டா இன்னும் வெரசு. ஆனா அதுக்கு நம்ம ஒரு சத்தியம் பண்ணிக் குடுக்கணும்.

அண்ணே அண்ணே, கெளை! ரோட்டுல கெளை கெடக்கு!

பாத்துட்டீங்களா. சரி. ஒதுங்கிப் போயிரலாமா? கொஞ்சம் அங்கிட்டு ஒடிங்க. அந்தப் பக்கம் பள்ளம். ஐயோ. போதும் போதும். போயிருச்சு. மரம் நேராத்தானே நிக்குது? கெளைதான் ஒடிஞ்சிருக்கு, வேரு சாயல. வேரு சாஞ்சா வேற கணக்கு. நான் இப்படித்தான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டே வருவேன், கண்டுக்காதீங்க.

சத்தியம் என்னன்னா, இந்தக் கணக்குல வர்றதெல்லாம் ஒழுங்கான நம்பர்தான், நம்பர் இல்லாத நம்பர்னு ஒண்ணு வரவே வராது. அதான் சத்தியம். நம்பர் இல்லாத நம்பர்னா என்னன்னு முழிக்கிறீங்க. மீட்டர் பேசலன்னா அந்த எடத்துல சைபரப் போட முடியாதுல்ல? சைபர்னா மழை இல்லன்னு ஆயிரும். அதனால மெஷின்ல அதுக்குன்னே தனியா ஒரு குறி இருக்கு. இது நம்பர் இல்லன்னு சொல்ற குறி. அதோட எத வேணாக் கூட்டுங்க, எதால வேணாப் பெருக்குங்க, அதுவும் நம்பர் இல்லன்னு ஆயிரும். தொட்டதெல்லாம் ஒட்டிக்கும். அந்தச் சரிவு மேலருந்து கீழ வரைக்கும் ஒண்ணா மாறினது அதனாலதான். மேல தண்ணி எவ்வளவுன்னு தெரியலன்னா கீழ எவ்வளவு வருதுன்னும் தெரியாதுல்ல.

இப்ப என் வரிய நெனச்சுப் பாருங்க. நம்பரா இல்லாட்டிச் செவப்பு. கைடு அந்த வரியப் படிக்கிறான். நம்பரா இல்லாட்டியா? அப்படி ஒண்ணு வரவே வராதுன்னு இவங்களே சத்தியம் பண்ணியிருக்காங்களே, பெறகு இது எதுக்குன்னு அந்த வரியவே தூக்கிப் போட்டுட்டான். சத்தமே இல்லாம. அவன் மேல தப்பு இல்லண்ணே. அந்தச் சுவிட்சப் பத்தின பக்கத்துல இது எழுதித்தான் இருக்கு. நாங்களும் படிச்சோம். படிச்சிட்டு வேற எதுக்கோ பயந்தோம்.

அந்த வரி போனதும் அடுத்த கேள்விக்குப் போயிருது மெஷினு. மண்ணோட புடி தளந்திருச்சான்னு கேக்குது. நம்பர் இல்லாத நம்பர்கிட்ட நீ இந்த அளவ விடச் சின்னதான்னு கேட்டாலும் இல்லங்கும், பெருசான்னு கேட்டாலும் இல்லங்கும். புடி தளந்திருச்சா? இல்ல. அப்பப் பச்சை.

ஸ்கூல்ல டீச்சர் வந்து, இன்னைக்கு வராதவங்கள்லாம் கை தூக்குங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்? ஒரு கை கூடத் தூக்காது. சரி, எல்லாரும் வந்திருக்கீங்கன்னு டீச்சர் போயிருவாங்க. எங்க மெஷின் இப்ப அந்த டீச்சர்ண்ணே.

நீங்க சிரிச்சீங்கள்ல, நானும் காலையில சிரிச்சேன். சிரிச்சு முடிக்கல, அந்தச் சரிவுக்குக் கீழ இருக்குற வீட்டையெல்லாம் எண்ண ஆரம்பிச்சிட்டேன்.

சோதிச்சுப் பாக்கலையான்னா? பாக்காமயா? மாசக்கணக்காப் பாத்தோம். போன வருச மழை பூராவையும் பழைய மெஷின்ல ஓட்டி, புது மெஷின்ல ஓட்டி, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தோம். நாங்க பயந்தது கடைசிப் புள்ளிக்கு, அதாவது பதில்ல தசமத்துக்கு அப்புறம் கடைசியா வர்ற நம்பருக்கு. அது என்னன்னா, ஏரித் தண்ணியோட ஒரு சொட்டச் சேத்தா ஏரி கூடினதாத் தெரியாது. ஆனா சொட்டெல்லாம் மொதல்ல ஒரு கொடத்துல சேத்துட்டு அந்தக் கொடத்த ஏரியில கொட்டினாக் கொஞ்சமாவது தெரியும். வெரசான கைடு கூட்டுற வரிசைய மாத்திருவான், அதனால பதில்ல கடைசிப் புள்ளி மாறலாம். சார் பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு அந்தப் புள்ளியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. எல்லாம் பொருந்துச்சு. அட்டகாசம்னு டீ வாங்கிக் குடிச்சோம்.

ஆனா போன வருச மழை நாங்க சுத்தம் பண்ணி வச்ச மழைண்ணே. அதுதான் எங்க பழக்கம். சீசன் முடிஞ்சதும் உக்காந்து, எங்கெல்லாம் மீட்டர் பேசலையோ அங்கெல்லாம் பக்கத்து மீட்டர் நம்பரப் பாத்து நெரப்பி, ஒரு ஓட்டை இல்லாம அழகாக்கி எடுத்து வைப்போம். படிக்கிற புள்ளைங்க கேப்பாங்க, மத்த காலேஜுல கேப்பாங்க, ஓட்டையோட குடுத்தா அசிங்கம். அந்த அழகான மழையத்தான் புது மெஷினுக்குக் குடுத்துச் சோதிச்சோம். வராத புள்ள ஒண்ணு கூட இல்லாத கிளாஸ்ல, வராதவங்க கை தூக்குங்கன்னு கேட்டுட்டு, டீச்சர் பாஸுன்னு எழுதிட்டோம். ஊர்ல வேற யாரும் பண்ண மாட்டாங்க இந்தத் தப்ப. எங்கள மாதிரி ஒழுங்கா வேல செய்யிறவங்கதான் பண்ணுவாங்க.

இன்னொரு கூத்து கேளுங்க. முன்னெல்லாம் பள்ளங்கி மீட்டர் அடிக்கடி செவப்பு அடிக்கும். சிலந்தி, காக்கா, ஒரு தடவ குரங்கு மூடியையே கழட்டிட்டுப் போயிருச்சு. தாலுகா ஆபீஸ்ல கடுப்பாவாங்க. நான் பூங்கொடிக்குப் போனப் போடுவேன், ஏய், மேல ஏறிப் பாருடின்னு. அவ முணுமுணுத்துக்கிட்டே ஏறுவா. ஏறுற நேரத்துல கதையெல்லாம் பேசுவா. பீன்சு பூத்திருக்கு, இன்னைக்குப் பனி, டிவி வேல செய்யல, உனக்குச் சளி புடிச்சிருக்கு போலருக்கே, குரலே சரியில்ல. அப்படி. புது மெஷின் வந்ததுலருந்து அந்தப் பொய்ச் செவப்பு ஒண்ணு கூட இல்ல. எல்லாருக்கும் சந்தோசம். தாலுகா ஆபீஸ்ல பாராட்டினாங்க. நானும் அவளக் கூப்பிடுறத விட்டுட்டேன். வேலையே இல்லையே, எதுக்குக் கூப்பிடுறது? போன வாரம் அவளே கூப்பிட்டா. என்னக்கா, உன் மெஷின் நல்லாயிருச்சு போல, எங்க நெனப்பே இல்லைன்னா. வேல இருக்கு, அப்புறம் பேசுறேன்னு வச்சிட்டேன்.

தண்ணி இப்ப எப்படி வருதுண்ணே? கொஞ்சம் கலங்கலாத் தெரியுதே. இல்லையா? லைட்டு வெளிச்சமா? சரி. பனி எறங்கிருச்சு. மத்தியானமே லைட்டப் போட வேண்டியதாப் போச்சு பாருங்க.

காலையில என்ன பண்ணினேன்னா, பழைய மெஷின் மூலையில தூசியோட இன்னும் கெடக்கு. அதுல பழைய லினக்ஸ், பழைய கம்பைலர், என் வரி எல்லாம் அப்படியே இருக்கு. இன்னைக்கு வந்த மழைய அதுல போட்டேன். முழுக் கணக்கும் முடியச் சாயங்காலம் ஆகும், ஆனா நம்பரா இல்லாட்டிங்கற கேள்விய அது மொதல்லயே கேட்டுரும். என்டர் தட்டினேன். கைய எடுக்கல, அதுக்குள்ள செவப்பு. அடிச்சு நிறுத்திருச்சு. ஒரே மழை, நான் எழுதின ஒரே கணக்கு. இந்த மெஷின் பச்சைங்குது, அந்த மெஷின் செவப்புங்குது. நடுவுல நான் நின்னுக்கிட்டு இருக்கேன்.

சாருக்குச் சொன்னேன். அவரு பேட்டரியாத்தான் இருக்கும்மா, பயப்படாதேன்னு சொல்லிட்டு, சொல்லும்போதே சேர்ல உக்காந்துட்டாரு. தாலுகா ஆபீசுக்கு அவரேதான் கூப்பிட்டாரு. அங்க இருக்குறவரு, சார், நாலு எடத்துல மரம் விழுந்து கெடக்கு, இருக்குற ஆளெல்லாம் அங்க போயிருக்காங்க, உங்க மேப்ல பள்ளங்கி பச்சைதானே சார் காட்டுது, எங்ககிட்ட இருக்குறதுலயே நல்ல எடம் அதுதான்னுட்டாரு. எங்க மேப்பயே நம்பாதீங்கன்னு நாங்களே எப்படிச் சொல்றது? சொன்னாரு, சார் அதையும் சொன்னாரு. மேப்ப மாத்துங்க, மாத்தினதும் ஆள அனுப்புறேன்னாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது.

கையால மாத்த முடியாதுண்ணே. பயந்துக்கிட்டு யாரும் இஷ்டத்துக்கு நெறத்த மாத்திரக் கூடாதுன்னு நாங்களே பூட்டு போட்டு வச்சிருக்கோம். கணக்கு மாறினாத்தான் நெறம் மாறும். அதனால மனோஜ் உக்காந்து, அந்தச் சுவிட்ச எடுத்துட்டு, மொத்தக் கணக்கையும் மறுபடி கம்பைல் பண்ணி, ஓட்டிப் பாத்து, மேப்ல ஏத்தணும். பாவம் அவன், மொகமே செத்துப் போச்சு. சுவிட்சப் போடலாம்னு சொன்னவன் அவன்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். எல்லாருந்தான் சரின்னோம். ஏன்டா அழுகுற, கை ஓடட்டும்னு சொல்லிட்டு நான் பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டேன். நீ எதுக்கும்மா போறன்னு சார் கேட்டாரு. மீட்டரப் பாக்கணும் சார்னேன்.

என் சொந்த ஊரா? மலைதான்ணே, இங்கிட்டுத்தான். அந்த லாரிக்கு வழி விடுங்க, அவரு கண்ண மூடிக்கிட்டு வர்றாரு.

மேலருந்து வர்றாருல்ல, அப்ப ரோடு இருக்கு. நல்லது. கேட்டுப் பாருங்களேன், அங்க எப்படி இருக்குன்னு. நிக்காமப் போயிட்டாரு. சரி விடுங்க.

நிறுத்துங்க! அண்ணே, ஓரமா நிறுத்துங்க, டவர் வந்திருச்சு. டிங்கு டிங்குன்னு வருது பாருங்க. மனோஜ்தான். அக்கா, ஏத்திட்டேன், பாருங்கன்னு போட்டிருக்கான். இருங்க. மேப்பு தொறக்குது. மெதுவா வருது. ஏரி வந்திருச்சு, ரோடு வந்திருச்சு, எல்லாம் ஆரஞ்சு ஆரஞ்சா வருது. வா, வா. கீழ வா.

செவப்பு.

செவந்திருச்சுண்ணே. சரிவு பூராவும் செவப்பு.

இல்ல, அழுகல. இது நல்ல சேதிதான். செவப்புன்னா சரிஞ்சிருச்சுன்னு அர்த்தம் இல்லண்ணே. எங்களுக்குத் தெரியலன்னு அர்த்தம். அவ்வளவுதான். காலையிலருந்து தெரியாததத் தெரியும்னு சொல்லிக்கிட்டு இருந்த மெஷினு இப்பத்தான் தெரியலன்னு ஒத்துக்கிச்சு. இன்னொரு மெசேஜும் இருக்கு, சாருகிட்டருந்து. தாலுகா ஆபீஸ் ஜீப்பு கெளம்பிருச்சாம். தீயணைப்பு வண்டியும் போகுதாம். போதும். அது போதும்.

இப்பவா? இப்ப எதுக்குண்ணே?

டவர் இருக்குதான். இல்லன்னு சொல்லல. பூங்கொடிக்கு நான் காலையிலயே ஒரு தடவ அடிச்சேன். ரிங்கே போகல. அதுக்கப்புறம் அடிக்கல. அடிக்காம இருந்தா அந்தக் கேள்வியே இல்லன்னு ஆயிருதுல்ல. அதான் வாய மூடாமப் பேசிக்கிட்டே வந்தேன்.

சரி, நீங்களே அடிங்க. நான் ரெண்டு தடவ தப்புத் தப்பா அமுக்கிட்டேன். அவ பேரு மேலயே இருக்கும்.

அந்தப் போட்டோவா? அது நானும் அவளும். ஸ்கூல் படிக்கிறப்ப எடுத்தது. என் தங்கச்சிண்ணே. சொல்லலையா நான்? அந்த மீட்டரு எங்க வீட்டு மொட்டமாடியிலதான் இருக்கு. நம்ம வீடுன்னா நல்லாப் பாத்துக்குவாங்கன்னு நான்தான் அங்க வைக்கச் சொன்னேன். அம்மாவும் அவளும் மட்டுந்தான் இருக்காங்க.

ரிங் போகுதா?

இல்ல, வேணாம். சொல்லாதீங்க, அங்க போயிச் சேர்ற வரைக்கும் எனக்குத் தெரியாமலே இருக்கட்டும். போன இங்க குடுங்க. வண்டிய எடுங்கண்ணே.

வெரசா வேணாம். மெதுவாவே போங்க.